ஆர்டிஸ் கட்டிய தோட்டா

1968 ஏப்ரல் 20. தபால்தலை. 6 சென்ட்.
1968 மே 11. அச்சிட்ட அளவுப் புத்தகம். 3 டாலர் 50 சென்ட்.
1968 மே 18. தராசு, சோதனை எடைக்கற்களுடன். 14 டாலர் 25 சென்ட்.
1968 மே 18. வெடிமருந்து, முத்திரை உடையாத டப்பா, ஒரு பவுண்டு. 3 டாலர் 40 சென்ட்.
1968 மே 18. குண்டு நூறு, கேப்பு நூறு. 6 டாலர் 95 சென்ட்.
1968 ஆகஸ்ட் 3. குண்டு இன்னொரு நூறு. 5 டாலர் 90 சென்ட்.
1968 அக்டோபர் 19. ரைபிள் ஒன்று. விலை இல்லை.

கணக்கு ஆர்டிஸ் கிட்டில்சனுடையது, கையெழுத்து என்னுடையது. எங்கள் ஹால்வர் ஊர்க் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போட்டு எழுதுவது என் வேலை; அதனால் சிலர் என்னைத் தராசு என்றே கூப்பிடுவார்கள். அதோடு ஊரின் மழையளவையும் குளிரளவையும் குறித்து அரசாங்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். "எப்படியும் எதையாவது எழுதிக்கிட்டேதான் இருக்கப்போறே. இதையும் சேத்து எழுதேன் ஆல்வின்" என்று ஆர்டிஸ் கேட்டார். எழுதினேன்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையல்காரர். அதற்கு முன்னால், பதினெட்டு வயதில், அறுவடைக் கூட்டத்தோடு வயல் வயலாகப் போகும் சமையல் வண்டியில் வேலை பார்த்தவர். அந்த வண்டியில்தான், பின்னால் அவர் கணவரான டோலெஃப் அவரைப் பார்த்தார். டோலெஃப் அப்போது கதிரடிக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் ஆள். கல்யாணமான முதல் இலையுதிர் காலத்திலேயே இருவரும் எல்க் மான் வேட்டைக்குத் தெற்கு மலைக்குப் போனார்கள். முதல் எல்க்கைச் சுட்டது யார் என்று ஊரில் கேட்டபோது டோலெஃப் கொஞ்சமும் கூச்சப்படாமல் மனைவியைக் கை காட்டினார். டோலெஃபுக்குத் தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். கிட்டத்தில் இருப்பது ஊசிமுனை வரைக்கும் தெரியும். ஆகவே அந்த வீட்டில் பித்தளைக் கூட்டின் அடியில் தீப்பற்றவைக்கும் கேப்பு, உள்ளே மருந்து, மேலே குண்டு என்று தோட்டா கட்டுவது டோலெஃப், சுடுவது ஆர்டிஸ். முப்பத்தோரு வருடம் இது மாறவில்லை.

அந்த ரைபிள் டோலெஃபின் மாமா நார்வேயிலிருந்து கப்பலேறியபோது கையோடு கொண்டுவந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து தோட்டாக்களை உள்ளே உருட்டிவிட்டு மூட வேண்டும். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட், எண்ணெய் விட்ட தாழ்ப்பாளைப் போல, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் ஒரு முறையாவது காரணமில்லாமல் போல்ட்டை இழுத்து மூடாமல் திருப்பித் தந்ததில்லை. லெஸ்டர் ஃபோர்ஸ்பெர்க் பத்து முறை இழுப்பான்.

டோலெஃபின் வேட்டைத் தோழன் லெஸ்டர் ஸ்வீடன் வம்சம். அவனிடம் இருந்தது ஸ்வீடன் ரைபிள். இரண்டுக்கும் தோட்டா ஒன்றே. இரண்டு நாடும் ஒரே ராஜாவின் கீழ் இருந்த நாளில் இரண்டு படைக்கும் பொதுவாக ஏற்பாடு செய்த தோட்டா அது. ராஜா போன பிறகும் தோட்டா ஒன்றாகவே நின்றுவிட்டது. டோலெஃபும் லெஸ்டரும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் ஸ்வீடன்காரன், நார்வேக்காரன் என்று வாரிக்கொள்வார்கள்; சாயங்காலம் ஒரே பெட்டியிலிருந்து தோட்டா எடுத்துக்கொள்வார்கள்.

1968 மார்ச்சில், வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த டோலெஃப் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் எதையும் எழுதிவைக்கிற மனிதர் அல்ல. வீட்டு நிலவறையில் ஒரு மேசை, தோட்டா அழுத்தும் கைப்பொறி, பித்தளைக் கூடுகள், அரைவாசி மருந்தோடு ஒரு டப்பா. எவ்வளவு மருந்து போட்டார் என்பது அவர் தலைக்குள் இருந்தது, அதோடு போய்விட்டது. கட்டிய தோட்டா ஒன்றுகூட மிச்சமில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, இர்மாவின் காபிக் கடையில் லெஸ்டர் பேச்சை ஆரம்பித்தான்.

"ஆர்டிஸ், அந்த ரைபிள எனக்குக் குடுத்துடு. நல்ல வெல தரேன். சும்மா சுவத்துல மாட்டி தூசி தட்டிக்கிட்டிருக்கறதுக்கா அது?"

"சுவத்துல எதுக்கு மாட்டணும்? அக்டோபர்ல நான் மலைக்குப் போக வேண்டாமா?"

"போய்? வாயால டுமீல்னு சொல்லுவியா? கடைத் தோட்டா அதுல நேரா போகாது. கட்டித்தர டோலெஃப் எங்கே?"

"நானே கட்டிக்கறேன்."

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முடிதிருத்தும் ஆர்னி காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "இது நீ அடுப்புல வேக வெக்கற உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் இல்ல, ஆர்டிஸ்."

"தெரியும்டா ஆர்னி. ஹாட்டிஷ் சரியா வரலேன்னா நீ ரெண்டாவது தட்டு கேக்க மாட்டே, அவ்வளவுதான். இது சரியா வரலேன்னா என் கண்ணு போயிடும். அதனாலதான் கேட்டுச் செய்யலாம்னு வந்தேன். சொல்லுங்க, எவ்வளவு மருந்து போடணும்?"

கேட்டதுதான் தாமதம். எங்கள் ஊரில் தோட்டா கட்டுகிற ஒவ்வொருவனுக்கும் தன் பக்குவம்தான் உலகத்திலேயே சிறந்தது. நான்கு பேர் நான்கு காகிதத் துண்டில் நான்கு அளவு எழுதி நீட்டினார்கள். ஆர்டிஸ் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"கேக்குக்கு நாலு பேரு நாலு பக்குவம் சொன்னா நாலும் கேக்காத்தான் வரும். இதுல எது வெடிக்கும், எது வெடிக்காதுன்னு யாருக்குத் தெரியும்?"

"இத்தன நாள்ல என் கை போயிடுச்சா பாரு" என்று ஆர்னி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"அது உன் ரைபிளுக்கு. என் ரைபிளுக்கு?"

அப்போது லெஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஓரம் கறுத்த ஒரு அட்டையை எடுத்தான். "இதோ பாரு. அம்பத்திரெண்டுல டோலெஃபுக்கு இந்த அளவச் சொன்னவனே நான்தான். தோட்டா ஒண்ணு. அவன் டப்பா மேல ஒட்டியிருக்கற மருந்துப் பேரும் இதுல இருக்கற பேரும் ஒண்ணு. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

எல்லோரும் அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆர்டிஸ் அட்டையைத் தொடவில்லை.

"எங்க வீட்டுல சர்க்கரை எங்கே இருக்கு தெரியுமா? மாவு டப்பாவுல. மாவு காபி டப்பாவுல. காபி, அவரோட புகையிலை டப்பாவுல. எந்த மூடி இறுக்கமா இருக்கோ அதுதான் அவருக்கு நல்ல டப்பா. மேல ஒட்டியிருக்கற பேரை நம்பி நான் ஒரு நாளும் அந்த வீட்டுல சமைச்சதில்ல."

மறுநாள் அவர் வீட்டு நிலவறையில் அந்த மருந்தில் கொஞ்சத்தை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தோம். பென்சில் கரியைப் பொடிப்பொடியாக நறுக்கியது போலக் கறுப்புத் துணுக்குகள். லெஸ்டர் கையில் வைத்து உருட்டினான், முகர்ந்தான், ஒரு பெயரைச் சொன்னான். ஆர்னி வேறொரு பெயரைச் சொன்னான். கூட வந்த பாதிரியார், அவரும் தோட்டா கட்டுகிறவர்தான், மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னார். மூவருக்கும் சந்தேகமே இல்லை.

"மூணு பேருக்கும் காபி போடறேன், வாங்க" என்று ஆர்டிஸ் தட்டை மூடினார்.

அதற்கு முந்தைய நாளே, காபிக் கடையிலிருந்து திரும்பிய கையோடு, டப்பாவின் அடியில் அச்சிட்டிருந்த கம்பெனி முகவரிக்கு அவர் கடிதம் போட்டிருந்தார். அந்த நாளில் மருந்துக் கம்பெனிகளின் சோதனைக்கூடத்தில் இப்படிக் கேட்டு வரும் கடிதங்களுக்கு பதில் எழுதவென்றே ஒரு மனிதர் இருப்பார். பாதிப் பேர் இரண்டு வரியில் பதில் எழுதுவார்கள். எங்களுக்கு வாய்த்த ப்ரூயின் என்பவர் இரண்டு பக்கம் தட்டச்சு செய்திருந்தார். பத்து நாளில் பதில் வந்துவிட்டது. இர்மா கடையில் ஆர்டிஸ் அதை உரக்கப் படித்தார்.

முதல் விஷயம், மருந்தைக் கண்ணால் பார்த்து இன்னது என்று சொல்ல யாராலும் முடியாது. இருபத்தாறு வருடமாக அதைத் தயாரிக்கும் இடத்திலேயே இருக்கும் தன்னாலும் முடியாது. பெயர் உறுதியில்லாத மருந்தைத் தோட்டத்தில் மெல்லியதாகத் தூவிவிட வேண்டியது, செடிக்கு நல்லது. இரண்டாவது விஷயம், தோட்டா ஒன்றாக இருக்கலாம், ரைபிள் ஒன்றல்ல. ஸ்வீடன் ரைபிளின் போல்ட்டை முன்பக்கம் இரண்டு பற்கள் பிடித்து நிற்கின்றன. பக்கக் கதவு வைத்த நார்வே ரைபிளில் ஒரே ஒரு பல். முன்னது தாங்கும் அழுத்தத்தைப் பின்னது தாங்கும் என்று எண்ணக் கூடாது. அந்த வருடத்து அச்சுப் புத்தகத்தை வாங்கி, அதில் பழைய ரைபிளுக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் அளவுகளைப் பார்க்க வேண்டும். அங்கே சொன்ன அதே மருந்து, அதே எடைக் குண்டு. ஆகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, சின்னச் சின்னப் படியாக மேலே போக வேண்டும். மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். யாருடைய அட்டையையும் நம்ப வேண்டாம்.

படித்து முடித்ததும் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு லெஸ்டர், "ஸ்வீடன்காரனுக்கு ரெண்டு பல்லு, நார்வேக்காரனுக்கு ஒத்தப் பல்லு. எங்க தாத்தா இதைத்தான் அப்பவே சொன்னாரு" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆர்டிஸும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அவர் டோலெஃபின் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், வேலியோரம் இருந்த பட்டாணிப்பூக் கொடிகளின் அடியில் தூவினார். நான் மழைமானியைப் பார்க்க அந்தப் பக்கம் போனவன் நின்றுவிட்டேன். லெஸ்டரின் லாரி வந்து நின்றது. அவன் இறங்காமலே கத்தினான்.

"அது டோலெஃபோட மருந்து!"

"டோலெஃபோடதுதான். இன்ன மருந்துன்னு சொல்லிட்டுப் போகலியே அவரு."

"பத்தொம்பது எல்க் விழுந்திருக்கு அதுல. அதப் போயி பூவுக்குப் போடறியே! இனிமே அந்த ரைபிள் நேரா சுடாது, எழுதி வெச்சுக்கோ."

"சுடும்."

"சுடலேன்னா?"

ஆர்டிஸ் டப்பாவைக் கவிழ்த்து அடியைத் தட்டினார். "வேட்டை ஆரம்பிக்கறதுக்கு மொத நாள். சரளைக் குழியில, நூறு கஜம், அஞ்சு குண்டு. இர்மாவோட காபி சாசரை வெச்சு வட்டம் போடு. அஞ்சும் உள்ளே விழலேன்னா ரைபிள் உன்னோடது. காசு வேண்டாம். விழுந்துட்டா, இனிமே உன் வாயில அதப் பத்தின பேச்சே வரக் கூடாது."

"ஏய் தராசு, கேட்டியா? எழுதிக்கோ" என்று லெஸ்டர் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஆர்டிஸ் குழாயடிக்குப் போய் டப்பாவைக் கழுவினார். பிறகு முகத்தையும் கழுவிக்கொண்டார்.

அந்தக் கோடையை நினைத்தால் இன்றைக்கும் பித்தளை மெருகுப்பொடி வாசனையும் பட்டாணிப்பூ வாசனையும் சேர்ந்துதான் வருகின்றன. சனிக்கிழமைகளில் கிடங்கைப் பூட்டிவிட்டு அவர் வீட்டு நிலவறைக்குப் போவேன். டோலெஃபின் மேசையை அவர் பள்ளிக்கூடச் சமையலறை போல மாற்றியிருந்தார். புதுத் தராசை முதலில் எடைக்கற்களை வைத்துச் சோதிப்பார். இருநூறு பிள்ளைகளுக்கு உப்புப் போட்டுப் பழகிய கைதான். ஆனாலும் கையை நம்பவில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தைத் தனித்தனியாக நிறுத்தார். ஊற்றி முடித்ததும் கூடுகளை வரிசையாக நிற்கவைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருந்தால்தான் குண்டைப் பொருத்துவார்.

ஒரு முறை பாதியில் மாடியில் டெலிபோன் அடித்தது. ஸ்போகேன் நகரத்தில் இருந்த அவர் மகள். பேசிவிட்டு வந்தவர், எந்தக் கூட்டில் ஊற்றினோம், எதில் ஊற்றவில்லை என்று யோசித்தார். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும் என்று சொன்னேன்.

"தெரியும்தான். ஆனா எனக்கு இப்போ சந்தேகம் வந்துடுச்சே ஆல்வின். சந்தேகம் வந்த மாவுல நான் ரொட்டி சுட மாட்டேன்" என்று அத்தனையையும் கவிழ்த்து டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அன்றைக்குப் பிறகு தோட்டா கட்டும்போது டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். மகளுக்குக் கோபம்.

சரளைக் குழியில் அவர் சுட, நான் எழுதினேன். ஆகக் குறைந்த அளவில் ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குச் சிதறின. ஒரு படி ஏற்றியதும் ரொட்டித் தட்டு அகலம். இன்னொரு படியில் சாசரைவிடச் சற்றுப் பெரிது. லெஸ்டர் லாரியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, ஏத்த ஏத்தச் சேருது. இன்னும் ரெண்டு படி ஏத்து. புத்தகத்துலயே இடம் இருக்கே!"

இடம் இருக்கத்தான் செய்தது. அவர் அடுத்த படிக்குப் போனார். முதல் குண்டு வெடித்ததும் போல்ட்டைத் தூக்கினார். அது உடனே எழவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. எப்போதும் வழுக்கிக்கொண்டு போகிற போல்ட். வெளியே வந்த கூட்டை வெயிலில் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த கேப்பு ஆணியடித்தது போலத் தட்டையாகிக் கிடந்தது; அழுத்தம் மிஞ்சியதற்கு அடையாளம்.

"இவ்வளவுதான்" என்று ரைபிளைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சுட்டுட்டு இவ்வளவுதான்னா? புத்தகத்துல மேல இன்னும்..."

"புத்தகம் எழுதினவரு இந்த ரைபிளப் பாக்கல லெஸ்டர். இது வேண்டாங்குது. நான் கேட்டுக்கறேன்."

மிச்சம் நான்கு தோட்டாவையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிவிட்டார். பழைய படிக்கே திரும்பினார். மருந்தை மாற்றவில்லை, புத்தகம் அனுமதித்த நீளத்துக்குள் குண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளியும் வெளியே விட்டும் பார்த்தார். ஜூலை முழுக்க இதுதான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஐந்து குண்டும் சாசருக்குள் விழுந்தன. அதற்கடுத்த வாரமும் விழுந்தன. வேகத்தில் டோலெஃபின் தோட்டாவைவிட இது மெதுவாகத்தான் இருந்திருக்கும். தோளில் உதை குறைவு என்று அவரே சொன்னார். ப்ரூயினுக்கு ஒரு தபால் அட்டை போட்டார். "நன்றாக இருக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள்" என்று பதில் வந்தது.

அக்டோபர் 19, சனிக்கிழமை. காலை ஏழரைக்கு என் வெப்பமானி பாரன்ஹீட்டில் பதினெட்டு காட்டியது, உறைநிலைக்கும் கீழே. ஊரில் பாதி சரளைக் குழியில் நின்றது. இர்மா பெரிய பாத்திரத்தில் காபி கொண்டுவந்திருந்தாள். சாசரையும் அவளே கொண்டுவந்தாள், உடைத்தால் காசு கொடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையோடு.

லெஸ்டர் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தான். "ஆர்டிஸ், ரொம்பக் குளிருது. மத்தியானம் வெச்சுக்கலாமே. குளிர்ல மருந்து சோம்பேறியாயிடும், தெரியுமில்ல?"

"எல்க்கு மத்தியானந்தான் வருமா?"

அவர் படுத்துக்கொண்டார். முதல் நான்கு குண்டையும் நிதானமாக விட்டார். தூரக்கண்ணாடி வைத்திருந்த பாதிரியார், "அடேயப்பா" என்றார். பிறகு தெரிந்தது, அந்த நான்கையும் ஒரு கோழிமுட்டையால் மறைத்துவிடலாம். ஐந்தாவதுக்கு அவர் வெகு நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணில் குளிர்காற்றுக்கு நீர் கட்டியது; ஒரு முறை துடைத்தார். சுட்டதும் தலையைத் தூக்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

காகிதத்துக்கு எல்லோரும் நடந்து போனோம். ஐந்தாவது ஓட்டை வலது பக்கம், கோட்டுக்கு வெளியே. ஒரு அவரைக்கொட்டை அகலம் தள்ளி.

லெஸ்டர் குனிந்து பார்த்தான். தொப்பியை எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். "தொடுது. கோட்டத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு. தொட்டா உள்ளேன்னுதான் கணக்கு. தராசு, நீ அளந்து சொல்லு, தொடுதுல்ல?"

அளந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"தொடல" என்றேன்.

"உன் வாயில ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்குப் பொய் வந்தா வானமா இடிஞ்சு விழும்?" என்று லெஸ்டர் சீறினான். பந்தயத்தில் ஜெயித்தவன் அவன்தான்.

"ஆல்வின் மேல ஏண்டா பாயறே?" என்றார் ஆர்டிஸ். "தோட்டா மேல தப்பே இல்ல. நாந்தான் விசையை வெடுக்குன்னு இழுத்துட்டேன்." லாரியின் பின்பலகையில் துணியை விரித்து ரைபிளைத் துடைத்தார். குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு எடுத்தார். போல்ட்டை ஒரு முறை இழுத்து மூடினார். நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் ஆர்டிஸ்."

"ஊரு முன்னாடி சொன்னேன் லெஸ்டர். வாங்கிக்கோ. வாங்காம என்ன அவமானப்படுத்தாதே."

அவன் வாங்கிக்கொண்டான். அந்த முறை அவன் போல்ட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல லெஸ்டரின் லாரியிலேயே ஆர்டிஸ் மலைக்குப் போனார், என் ரைபிளையும் கடைத் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு. குளிர்காலத்துக்கு இறைச்சி கிடைத்தது. என் ரைபிளின் போல்ட் சாணை பிடிக்கிற சத்தம் போடுகிறது என்று மட்டும் சொன்னார். நிலவறை மேசையை ஒரு துணி போட்டு மூடிவிட்டார்.

லெஸ்டர் நார்வே ரைபிளைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கைந்து வேட்டைக்காலம் சுற்றினான். தன் அட்டை அளவில் கட்டிய தோட்டாதான், இடி மாதிரிப் போகிறது என்று இர்மா கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் கேட்டுக்கொண்டு காபியைக் கலக்குவார். 1973இல் அவனுக்கு மார்ச்சளி முற்றி, டாக்டர் சொன்னபடி அரிசோனாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். ரைபிளும் கூடப் போயிற்று. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் வரும்.

1977 வசந்தத்தில் ஆர்டிஸுக்கு அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கண்ணாடியைத் தேடியெடுக்கச் சோம்பல்படும் வயது அவருக்கு. நான்தான் படித்துக் காட்டினேன்.

'ஆர்டிஸ், அந்த ரைபிளில் என் அட்டை அளவுத் தோட்டாவை நான் ஒரு முறையும் சுட்டதில்லை. ஒன்று கட்டினேன். சரளைக் குழிக்குப் போய் ரைபிளில் போட்டு உட்கார்ந்தேன். நான் கிண்டல் செய்தேனே, அந்த ஒற்றைப் பல், அதற்குப் பின்னால்தான் என் முகம் இருந்தது. விசையை இழுக்கக் கை வரவில்லை. கடைத் தோட்டா வாங்கித்தான் இத்தனை நாளும் சுட்டேன். சாப்பாட்டுத் தட்டுக்குள்கூட விழவில்லை. நீ போட்ட அளவை எழுதி அனுப்பு.'

ஆர்டிஸ் வெகு நேரம் சிரித்தார். "இவன் சொன்ன அத்தன இடியும் கடைத் தோட்டாவா!" பிறகு பதிலை அவர் சொல்ல நான் எழுதினேன். ஒரு எண்கூட இல்லை அதில். என் டப்பா வேறு, உன் டப்பா வேறு. இங்கே குளிர், அங்கே வெயில். இந்த வருடத்துப் புத்தகம் வாங்கு. அடியிலிருந்து ஆரம்பி. மேசையில் ஒரு டப்பா. போல்ட் கனத்தால் நிறுத்து.

இரண்டு வாரத்தில் தபால் அட்டை வந்தது: 'ஒரு நம்பர் எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்?'

"தேஞ்சுதான் போயிடும்னு எழுது" என்றார்.

அதன் பிறகு கோடை முழுவதும் அவனிடமிருந்து பத்து நாளுக்கொரு அட்டை. முதல் படி, மோசம். இரண்டாம் படி, பரவாயில்லை. தங்கை தன்னைப் பைத்தியம் என்கிறாள். குண்டின் நீளத்தை மாற்றிப் பார்க்கிறேன். ஆர்டிஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் எழுதினேன். டோலெஃப் போன பிறகு அவர் தோட்டாவைப் பற்றி இத்தனை சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அந்தக் கோடையில்தான்.

கடைசியாக வந்தது அட்டை அல்ல, கடிதம்.

'ஆர்டிஸ், சுடுகிறது. மூன்று சனிக்கிழமை தொடர்ந்து பார்த்துவிட்டேன். மேலே ஏற்றவில்லை, நின்றுவிட்டேன். இது இப்படிச் சுடும் என்று ஒன்பது வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அந்தக் குழியில் நான்கு குண்டு பார்த்தேனே. ஐந்தாவது குளிருடையது. அன்றைக்கு நான் வாங்கிக்கொண்டது நீ சொன்ன சொல்லுக்காக. இப்போது திருப்பித் தருவது என் சந்தோஷத்துக்காக. நீயும் என்னை அவமானப்படுத்தாதே. வேறு மாநிலத்துக்குத் துப்பாக்கியை உரிமம் உள்ள கடைக்குத்தான் அனுப்பலாம், அதனால் நம் ஊர் இரும்புக்கடை பெயருக்குப் பார்சல் போட்டிருக்கிறேன். சட்டப்படி காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். என் அளவை எழுதவில்லை. நீ கேட்க மாட்டாய்.'

இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அந்தப் பழைய மருந்து எப்பவோ கெட்டிருக்கும் ஆல்வின். புதுசு வாங்கணும். அடியிலேருந்துதான் ஆரம்பிக்கணும். சனிக்கிழமை வரியா, எழுத?" என்றார்.

போனேன். அதற்குப் பிறகு ஐந்து வேட்டைக்காலம் அவர் அந்த ரைபிளோடு மலைக்குப் போனார். ஆறாவது வருடம் படுத்த படுக்கையானார். லெஸ்டர் அந்தக் கடிதத்துக்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. அதே 1977 நவம்பரில், அவன் இறந்துவிட்டான் என்று அவன் தங்கைதான் தந்தி கொடுத்தாள். லெஸ்டரின் அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1977 செப்டம்பர் 14, புதன்கிழமை.